பழைய டைல்ஸை எடுத்துப் புதிது போடக் கூலி பேசும்போது நடக்கும் தவறுகள்

"சதுர அடிக்கு எவ்வளவு?" வீட்டுத் தரையை மாற்ற நினைப்பவர்கள் மேஸ்திரியிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பலருக்குக் கடைசிக் கேள்வியும் இதுவே. மூன்று பேரிடம் விசாரிப்பார்கள், குறைவாகச் சொன்னவர் கையில் அட்வான்ஸைக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் சொன்ன ரேட்டில் உடைப்பது, அள்ளுவது, ஸ்கர்டிங் (சுவரின் அடியில் ஓடும் டைல்ஸ் பட்டை), கிரௌட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவை) எல்லாம் அடக்கமாக இருக்கும். இன்னொருவர் சொன்னது டைல்ஸ் ஒட்டுகிற கூலி மட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது குறைவு என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ரேட் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். அதற்குள் என்னென்ன அடக்கம் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

அதிகம் ஏமாற்றம் தருவது உடைக்கிற வேலை. போடுவதற்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள், எடுப்பதைப் பற்றி "அதையும் நீங்களே பார்த்துக்கோங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 சதுர அடித் தரை. டைல்ஸும் அதன் அடியில் இருக்கும் சிமெண்ட் கலவையும் சேர்ந்து இரண்டரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 100 கன அடிக்குக் கொஞ்சம் மேல், அதாவது நாம் மணல் வாங்கும் கணக்கில் ஒரு யூனிட். எடை கிட்டத்தட்ட 6 டன். உடைத்துக் குவித்தால் இன்னும் அதிக இடம் பிடிக்கும். சாக்குக்கு 30 கிலோ என்று கட்டினால் 200 சாக்கு. வீடு மூன்றாவது மாடியில் இருந்து, லிஃப்டில் ரப்பிஷ் ஏற்றக்கூடாது என்று அசோசியேஷன் சொல்லிவிட்டால், அத்தனையும் ஒருவர் தோளில்தான் இறங்கியாக வேண்டும்.

எனவே இதை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: உடைக்கும் கூலி, கீழே இறக்கும் கூலி, வண்டி வைத்து அப்புறப்படுத்தும் செலவு. டைல்ஸை மட்டும் பெயர்ப்பதா, அடியில் உள்ள கலவையையும் கொத்தி எடுப்பதா என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். இரண்டுக்கும் உழைப்பு வேறு, பணமும் வேறு. கலவையை எடுக்காமல் விட்டால் புதுத் தரையின் மட்டம் உயர்ந்துவிடும். ரப்பிஷைத் தெருமுனையில் கொட்டிவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. சென்னை போன்ற மாநகராட்சிகளில் அதற்கு அபராதம் இருக்கிறது, அது வீட்டுக்காரர் தலையில் விழக்கூடும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

குளியலறை தனிக் கதை. ஹால் ரேட்டையே அங்கேயும் பேசுவது பெரிய தவறு. இடம் சின்னதுதான், ஆனால் வேலை மூலைக்கு மூலை வெட்டு. தண்ணீர் ஓடும்படி தரைக்கு வாட்டம் பிடிக்க வேண்டும், குழாய் வரும் இடமெல்லாம் துளை போட வேண்டும். அதைவிட முக்கியம், பழைய தரையை உடைக்கும்போது அதன் அடியில் இருந்த வாட்டர் ப்ரூஃபிங்கும் சேர்ந்தே போய்விடும். அதைத் திரும்பச் செய்யாமல் டைல்ஸ் ஒட்டினால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும். டைல்ஸ் மேஸ்திரியின் ரேட்டில் இது பெரும்பாலும் வராது. வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும் தண்ணீர் கட்டி குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் நிறுத்திப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் போட வேண்டும். ஆள் காத்திருக்கிறான், நாள் போகிறது என்று அவசரப்படுத்துவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். சுவரை உடைக்கும்போது உள்ளே ஓடும் குழாயில் அடி விழுந்தால் யார் செலவு, கிளாசெட்டைக் கழற்றித் திரும்ப மாட்டும் பிளம்பர் கூலி யாருடையது, இந்த இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

உடைக்கும் செலவைப் பார்த்து மலைத்து, பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிவிடலாம் என்று பலர் முடிவு செய்கிறார்கள். சில வீடுகளில் அது சரியான முடிவுதான். முதலில் பழைய தரையை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பிடிப்பு இருக்கிறது. அங்கங்கே உள்ளே வெறுமையாக ஒலித்தால் அந்த இடங்களைப் பெயர்த்துச் சரிசெய்யாமல் மேலே ஒட்டக்கூடாது. புது டைல்ஸும் அதை ஒட்டும் பசையான கம்மும் சேர்ந்து தரை அரை அங்குலம் உயரும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டிவரும், அதற்குத் தச்சர் கூலி. குளியலறைத் தரை ஹாலைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. இந்த வேலைக்கு தண்ணீரில் கரைத்த வெறும் சிமெண்ட் பால் போதாது. விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது, அதனால் சிமெண்டுக்குப் பிடிமானம் கிடைக்காது. டைல்ஸ் கம் பையின் மேல் ஐஎஸ் 15477 என்ற தர எண்ணும் டைப் எண்ணும் அச்சாகியிருக்கும். பழைய டைல்ஸ் மேல் ஒட்டுவதற்கு ஏற்றதா என்று அதில் பார்த்து வாங்குங்கள். ரேட்டில் கம் விலை அடக்கமா என்றும் கேட்டுவிடுங்கள்.

அளவெடுப்பதில் நடக்கும் குழப்பத்துக்கு ஸ்கர்டிங் நல்ல உதாரணம். பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சுற்றளவு 44 அடி, மூன்று அடிக் கதவைக் கழித்தால் 41. நான்கு அங்குல உயர ஸ்கர்டிங்கைச் சதுர அடியில் அளந்தால் 14கூட வராது. ரன்னிங் அடியில், அதாவது நீளத்தை மட்டும் அளந்தால் 41. சதுர அடிக்கு 40 ரூபாய் பேசியிருந்து, ரன்னிங் அடிக்கும் அதே 40 என்று போட்டால் ஒரே வேலைக்கு 550 ரூபாயும் ஆகலாம், 1,640 ரூபாயும் ஆகலாம். ஸ்கர்டிங்கில் வெட்டு வேலை அதிகம், ஆகவே தனி ரேட் கேட்பது நியாயமே. பில் வந்த பிறகு தெரிந்துகொள்வதுதான் தவறு. படிக்கட்டு நோசிங் (படியின் முன்விளிம்பு வேலை), மூலை சேர 45 டிகிரியில் வெட்டுவது, எபாக்ஸி கிரௌட் (சிமெண்டுக்குப் பதில் ரெசின் கலந்த கிரௌட்) இவையும் அப்படித்தான்.

டைல்ஸ் வாங்கும்போது, இரண்டுக்கு இரண்டு அடி என்று சொல்லப்படும் டைல்ஸ் உண்மையில் பக்கத்துக்கு 600 மில்லிமீட்டர்தான் என்பதைக் கவனியுங்கள். நான்கு டைல்ஸ் உள்ள பெட்டி 16 சதுர அடி அல்ல, பதினைந்தரை. சேதாரத்துக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலாக, எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கும்படி ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். நான்கு பெட்டி குறைகிறது என்று பிறகு போனால் அதே நிறம் கிடைக்காமல் போகலாம்.

இடைவெளியே விடாமல் ஒட்டி ஒட்டிப் போடச் சொல்வதும் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், வெயில் காலத்தில் விரிய இடமில்லாமல் டைல்ஸ் தூக்கிக்கொள்ளும். இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசராவது வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பணம். பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். உடைத்து அள்ளியதும் ஒரு பங்கு, குளியலறையில் தண்ணீர் நிறுத்திப் பார்த்ததும் ஒரு பங்கு, ஒட்டி முடித்ததும் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தினக்கூலி ஆட்களை வைத்து வேலை செய்கிற மேஸ்திரிக்கும் இதுதான் வசதி. பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்து, குளியலறையில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி அது தண்ணீர் வெளியேறும் ஜாலிப் பக்கம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள். இதை முதல் நாளே, ரேட் பேசுகிற அதே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.