மெய்நிகர் உலகில் வாசல் திறக்கும் முன்

நாகர்கோவிலில் ஒரு நகைக்கடைக்காக நான் வடிவமைத்த, இணையம் வழியே நுழைந்து நடமாடக்கூடிய மெய்நிகர் மண்டபம் திறக்கப்பட்ட மாலையை என்னால் மறக்க முடியவில்லை. நடுவில் ஆளுயரக் குத்துவிளக்கு. சுவர்களில் ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஒட்டியாணம் என்று சிவப்புக்கல் பதித்த வடசேரிக் கோயில் நகைகள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். நான்கு மாத உழைப்பு அது. திறப்பு நேரத்தில் உள்ளே நின்றவர்கள் கடை உரிமையாளர், அவருடைய மகன், நான். மறுநாள் அந்த மூவரும்கூட இல்லை. இரண்டு மாதம் அந்த விளக்கு ஆளில்லாத மண்டபத்தில் எரிந்துகொண்டிருந்தது.

அங்கே என்ன கட்டுவது என்று வாரக்கணக்கில் பேசியிருக்கிறோம். யார் வருவார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, வருகிறவரை யார் வரவேற்பார்கள் என்று ஒரு நாள்கூடப் பேசவில்லை. அதன் பிறகு பூ வியாபாரிகள், தேவாலயப் பங்குகளின் பேரவைகள், பழைய மாணவர் சங்கங்கள், கடற்கரை ஊர்களின் இளைஞர்கள் என்று குமரி மாவட்டத்தில் பலருடன் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஏறக்குறைய அதே தவறுகள்தான் எல்லா இடங்களிலும் தலைகாட்டுகின்றன. பணம் கைவிட்டுப் போகும் முன்பே தடுக்கக்கூடியவை என்பதால் எழுதுகிறேன்.

ஆளில்லா மண்டபம் நம் ஊரில் தொடங்கிய கதை இல்லை. லிண்டன் லேப் என்ற அமெரிக்க நிறுவனம் 2003இல் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. 2006, 2007 ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் அங்கே போட்டி போட்டுக்கொண்டு இடம் பிடித்தன. அமெரிக்கன் அப்பேரல் துணிக்கடை திறந்தது. ராய்ட்டர்ஸ் அந்த உலகத்துக்குள்ளேயே ஒரு செய்திப் பிரிவை அமைத்தது. மாலத்தீவும் சுவீடனும் தூதரகம் கட்டின. துணிக்கடை அடுத்த ஆண்டே மூடப்பட்டது; வேறு பல நிறுவனங்களின் தீவுகளிலும் கட்டடங்கள் மட்டுமே நின்றன. ஆனால் செகண்ட் லைஃப் சாகவில்லை. இருபது ஆண்டுகளைக் கடந்தும் இயங்குகிறது. வாரந்தோறும் பாட்டுக் கச்சேரி வைத்தவர்களும், உள்ளே நமக்காக நடமாடும் உருவமான அவதாருக்கு உடையும் கூந்தலும் செய்து விற்றவர்களும், உடல்நலக் குறைவால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களின் குழுக்களும் அதை வாழவைத்தார்கள். சொன்ன நேரத்தில் அவர்கள் அங்கே இருந்தார்கள். நிறுவனங்கள் கட்டடத்தை வைத்துவிட்டுப் போய்விட்டன. பணத்தால் இந்த இடைவெளியை அடைக்க முடியாது. மெய்நிகர் உலகை நம்பி ஃபேஸ்புக் 2021 அக்டோபரில் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டில் மட்டும் அதன் மெய்நிகர்ப் பிரிவுக்கு ஏற்பட்ட இழப்பு 1,300 கோடி டாலருக்கு மேல்.

நகைக்கடை மண்டபத்தை நாங்கள் மூடவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் திறந்தோம். சனிக்கிழமை மாலை 7 மணிக்கு, நாற்பது ஆண்டு அனுபவமுள்ள ஓர் ஆசாரி உள்ளே வந்து ஒரே ஒரு நகையை எடுத்து, கல் எப்படி அமர்த்தப்படுகிறது என்று பேசுவார். அந்த நேரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் வளைகுடா. நம் மாலை 7 மணி, குவைத்தில் மாலை 4.30, துபாயில் 5.30. குவைத்தில் வெள்ளி, சனி விடுமுறை. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. இரண்டு இடத்தவரும் ஓய்வாக இருக்கும் நாள் சனிதான். மகள் திருமணத்துக்கு நகை யோசிக்கும் ஒரு தாய் அங்கிருந்தும், பாட்டி இங்கிருந்தும் ஒரே அட்டிகையைச் சுற்றி நின்று பேசினார்கள். பதினைந்து பேர் வந்தாலே மண்டபம் நிறைந்ததுபோல் இருந்தது.

அந்தப் பதினைந்து என்ற எண்ணிக்கையில் இன்னொரு பாடம் இருக்கிறது. பங்குத் திருவிழாவை மெய்நிகர் உலகில் நடத்த வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலான மெய்நிகர் உலகங்களில் ஓர் அறையில் சில பத்துப் பேர்தான் ஒரே நேரத்தில் நிற்க முடியும். செகண்ட் லைஃபில்கூட ஒரு முழு நிலப்பகுதிக்கே நூறு பேர் அளவில்தான் வரம்பு. கூட்டம் அதிகமானால் பல தளங்கள் அதே இடத்தின் இன்னொரு பிரதியை உருவாக்கி, வருகிறவர்களை அங்கே அனுப்பிவிடும். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் ஒரு பிரதியில், தம்மாமில் இருக்கும் தம்பி இன்னொரு பிரதியில். இருவரும் ஒரே கோயில் முற்றத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒருவரையொருவர் தேடுவார்கள். ஒரு பங்கில் இப்படியே நடந்தது. தேர்ப்பவனியைப் பார்க்க யூடியூப் நேரலை போதும். பங்கின் சிறு குழுவான ஒரே அன்பியத்தைச் சேர்ந்த இருபது பேர், ஒன்பது நாள் வேண்டுதலான நவநாளின் ஒரு மாலையில் கூடி ஜெபமாலை சொல்வதற்கு மெய்நிகர் அறை அருமையாகப் பொருந்துகிறது. இரண்டையும் கலக்க வேண்டாம்.

அடுத்தது நிலம். நம் மாவட்டத்தில் ஒரு சென்ட் நிலம் வாங்குவதற்குள் பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், அளவுக்கல் என்று எத்தனை பார்க்கிறோம்! அதே மனிதர்கள் மெய்நிகர் நிலத்தை ஒரு கைபேசி அறிவிப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். 2021 நவம்பரில் டிசென்ட்ராலேண்ட் என்ற உலகில் ஒரு மனைத் தொகுதி ஏறத்தாழ 24 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்தச் செய்தி வந்த நாட்களில் என்னிடம் விசாரித்தவர்கள் பலர். உண்மையான நிலத்தின் விலை அதன் பக்கத்தில் சாலையும் தண்ணீரும் இருப்பதாலும், வேறு நிலம் இல்லாததாலும் ஏறுகிறது. அங்கேயோ எந்த இடத்துக்கும் ஒரே நொடியில் போய்விடலாம், இன்னொரு நிறுவனம் நாளைக்கே இன்னோர் உலகம் திறக்கலாம். டோக்கனாக, அதாவது டிஜிட்டல் உரிமைச் சீட்டாக விற்கப்படும் இப்படிப்பட்ட சொத்தை விற்று லாபம் வந்தால், இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வருமான வரி உண்டு. நட்டம் வந்தால் அதை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. ஊர்க் கமிட்டிப் பணத்தில் இதை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாடகை இடம் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். கூகுள் 2008 ஜூலையில் லைவ்லி என்ற உலகத்தைத் தொடங்கி அந்த டிசம்பரிலேயே மூடியது. மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் விஆர் 2023 மார்ச் 10 அன்று நின்றுபோனது. அங்கே வாரந்தோறும் வழிபாட்டுக்குக் கூடிய சபைகள்கூட இருந்தன. ஆகவே வடிவமைப்பாளரிடம் வேலை கொடுக்கும்போதே, முப்பரிமாணக் கோப்புகளின் மூலப் பிரதி உங்கள் வன்தட்டில் வந்து சேர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வருகிறவர்களின் வாட்ஸ்அப் எண்களைச் சம்மதத்தோடு தனியே சேர்த்து வையுங்கள். உலகம் மூடினாலும் மனிதர்கள் கைவசம் இருப்பார்கள்.

கருவிகளைப் பற்றிச் சில வரிகள். தலையில் மாட்டிப் பார்க்கும் விஆர் கண்ணாடி இல்லாதவரும் கைபேசியில் நுழையக்கூடியதாகவே எதையும் கட்டுங்கள். ஒரு மாலையில் இருக்கும் எண்ணூறு கற்களையும் தனித்தனி உருவமாகச் செய்தால் சாதாரணக் கைபேசி திணறி நின்றுவிடும். பின்வரிசைக் கற்களை ஒளிப்படமாகப் பதித்தால் போதும். தமிழ் எழுத்தை எப்போதும் உண்மையான கைபேசியில் சோதித்துப் பாருங்கள். பல தளங்களில் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி நின்று ஊர்ப் பெயரையே சிதைத்துவிடும். பெயர்ப் பலகையைப் படமாகச் செய்து ஒட்டுவதுதான் இன்றைக்குப் பழுதில்லாத வழி. கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கண்ணாடி வைத்திருப்பவர்கள் அதை வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. வில்லைகள் சூரிய ஒளியைக் குவித்து உள்ளேயிருக்கும் திரையைச் சுட்டுவிடும். படகுக் காட்சி வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆழ்கடலில் மாதக்கணக்கில் தங்கும் தூத்தூர் மீனவருக்கும் அதில் தலை சுற்றும். கண் ஆட்டத்தைப் பார்க்கிறது, உள்காது ஆடவில்லை என்கிறது. இந்த முரண் கடல் பழக்கத்தால் தீராது. பார்ப்பவரை நிலையான கரையில் நிறுத்திப் படகை ஆடவிடுங்கள்.

பெண்களும் பிள்ளைகளும் வரும் அறையில் பொறுப்பான ஓர் ஆள் எப்போதும் இருக்க வேண்டும். அவதார்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. நெருங்கி வந்து தொல்லை தரும் ஒருவனின் குரல் உண்மையாகவே காதில் கேட்கிறது. புகார்கள் எழுந்த பிறகு, 2022 பிப்ரவரியில் மெட்டா தன் உலகங்களில் அவதார்களுக்கு இடையே ஏறத்தாழ நான்கு அடி இடைவெளியைக் கட்டாயமாக்கியது. இப்படிப்பட்ட வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரங்களைச் சேகரிப்பதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

தோவாளைப் பூ வியாபாரிகள் சிலர் மெய்நிகர்ச் சந்தை கேட்டார்கள். பிச்சியையும் முல்லையையும் மணமில்லாமல் விற்க முடியாது என்று சொல்லித் தடுத்தேன். அதற்குப் பதிலாக மாணிக்கமாலை கட்டும் கைகளைப் பதிவு செய்தோம். அரளிப் பூவை மடித்து, இலையோடு சேர்த்து, மாணிக்கக் கல் வரிசைபோல் பின்னும் வேலையை, கட்டுபவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் பார்க்கலாம். மாலை எத்தனை அடி வேண்டும் என்று சிலை அளவுக்குப் பொருத்திப் பார்த்து முன்பதிவு செய்யலாம். பூவை விற்பதற்கு விடியற்காலைச் சந்தை இருக்கிறது. கைவேலையைப் பக்கத்தில் காட்டுவதற்குத்தான் இந்த உலகம் உதவுகிறது.

அந்தக் கைகள் ஒருவருடையவை. இதை மறப்பது பெரிய தவறு. வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவரின் குரலையும் அசைவையும் பதிவு செய்து, அவருடைய அவதாரைப் பாடவைக்க முடியும். நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்த்துதலின்மேல் உரிமை உண்டு என்று நம் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ஒருநாள் கோயில் கொடை விழாவுக்குப் பேசிய தொகையில் அந்த உரிமை அடங்காது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே முப்பரிமாணப் பதிவுக்காக ஸ்கேன் செய்ய அனுமதி கேட்க வேண்டிய இடம் அந்தத் துறைதான். கோயிலோ தேவாலயமோ எதுவானாலும், நிர்வாகத்தின் கையெழுத்தோடு வழிபடும் மக்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எந்த இடம் வரை அந்நியர் பார்க்கலாம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இறந்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரம் தம்பதி மெட்டாவர்ஸ் எனப்படும் மெய்நிகர் உலகில் வைத்த திருமண வரவேற்பில், மணமகளின் மறைந்த தந்தை அவதாராக வந்து நின்றார். அது அந்தக் குடும்பம் விரும்பி எடுத்த முடிவு. அதன் பிறகு நம் கடற்கரையில், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் திரும்பாதவர்களுக்கு இப்படி ஒரு நினைவு மண்டபம் செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. புயலின் இரைச்சலும் அலையும் நடுவே அவர்களுடைய உருவங்களும். மாதிரி ஒன்றைச் செய்தும்விட்டோம். முதலில் பார்த்த ஒரு தாய் அரை நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். உடல் கரை சேராத வீடுகள் அங்கே உண்டு. அந்த வீடுகளில் இறந்தான் என்று சொல்வதற்கே ஆண்டுகள் ஆயின. அப்படிப்பட்டவனை எங்கள் வசதிக்கு எழுப்பி நிறுத்த எங்களுக்கு என்ன உரிமை? மனைவி சரி என்றால் போதாது. தாய், பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லாரும் சரி என்ற பிறகே தொட வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் நிறுத்திவிட வேண்டும். அந்த மாதிரியை அன்றே அழித்தோம்.

அதே ஊரில் ஒரு பெரியவர்தான் வேறொன்றைக் கேட்டார். கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்பிடித்து, கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டான 'பார்' இருக்கும் இடத்தை இயந்திரமில்லாமல் கண்டுபிடிக்கும் அறிவு அவர் தலைமுறையிடம் இருக்கிறது. இளைஞர்கள் ஜிபிஎஸ் பார்க்கிறார்கள். அது பழுதானால் அவர்களுக்குத் திசை தெரியாது என்பது அவருடைய கவலை. வள்ளத்தில் நின்று கரையைப் பார்ப்பதுபோல் ஒரு காட்சி செய்யத் தொடங்கினோம். உடனே ஊரில் எதிர்ப்பு எழுந்தது, நியாயமான எதிர்ப்பு: பார்களின் இடத்தை ஊரறியக் காட்டினால் விசைப்படகுகள் வந்து வலையால் வழித்துவிடும். அதனால் உண்மையான பார் எதுவும் அதில் இல்லை. நேர்பிடிக்கும் முறையைக் கற்றுத்தரக் கற்பனையாக ஒரு பார் மட்டும் வைத்தோம். அறையின் சாவி ஊர்க் கமிட்டியிடம் இருக்கிறது.

பெரியவர் முதல் முறை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, "தம்பி, வேளிமலை இவ்வளவு உயரம் தெரியாது. இந்தத் தூரத்தில் பாதிதான் தெரியும்" என்றார். மலையைத் தாழ்த்தினோம். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் தாழ்த்தினோம்.