ராஸ்பெர்ரி பை கொதிக்குதா? ஃபேன் வாங்கும் முன் ஒரு நிமிஷம்

போன சித்திரையில் பரண் மேல் வைத்திருந்த என் ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவு குட்டிக் கம்ப்யூட்டர்), மத்தியானமானால் போதும், கேமரா வீடியோவைத் திக்கித் திக்கி அனுப்ப ஆரம்பித்துவிடும். தொட்டால் கை சுட்டது, சூடுதான் காரணம் என்று ஃபேன் வாங்கி மாட்டினேன். சூடு குறைந்தது, திக்கல் நிற்கவில்லை! கடைசியில் பார்த்தால், டிராயரில் கிடந்த பழைய போன் சார்ஜரை மாட்டி வைத்ததுதான் வினை.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். டெர்மினலில் (கமாண்ட் அடிக்கும் திரையில்) விசிஜென்சிஎம்டி (vcgencmd) கமாண்டோடு மெஷர்_டெம்ப் (measure_temp) என்று சேர்த்து அடித்தால் வெப்பநிலை வரும், கெட்_த்ராட்டில்ட் (get_throttled) என்று அடித்தால் ஒரு குறியீடு வரும். 0எக்ஸ்0 என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. 0எக்ஸ்50000 என்றால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் இறங்கி அதனால் வேகமும் குறைந்திருக்கிறது, அதற்கு ஃபேன் மருந்தில்லை, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர்தான் மருந்து. எக்ஸுக்கு அப்புறம் இ என்ற ஆங்கில எழுத்து வந்தால் சூடு வேலையைக் காட்டியிருக்கிறது.

பை 4-இல் 80 டிகிரிக்கு மேல்தான் பிராசசர் வேகத்தைக் குறைக்கும், 85-ஐத் தொட்டால் கிராஃபிக்ஸையும் சேர்த்து இறுக்கும். எனவே 65 காட்டினால் பதற வேண்டாம். ஆனால் அந்த 65-ஐ எங்கே, எப்போது அளந்தீர்கள்? அதே வேலைக்குச் சிப் சுற்றியுள்ள காற்றைவிட ஏறக்குறைய ஒரே அளவுதான் சூடாக இருக்கும். 30 டிகிரி அறையில் 65 என்றால், 42 டிகிரி பரணில் 77 வரும், எல்லைக்குப் பக்கத்தில். மார்கழியில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் மே மாதம் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஸ்ட்ரெஸ்-என்ஜி (stress-ng) என்ற, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் புரோகிராமில் நான்கு கோர்களையும் ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, அறை வெப்பத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி குறைப்பது. காசில்லாத வழி, மூடிய பிளாஸ்டிக் கேஸின் மேல்மூடியைக் கழற்றிப் போர்டைச் செங்குத்தாக நிறுத்துவது, சூடான காற்று தானே மேலே போய்விடும். அடுத்தது ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு), அல்லது கேஸ் முழுவதுமே அலுமினியமாக இருப்பது (வைஃபை சிக்னல் கொஞ்சம் அடிவாங்கலாம், லேன் கேபிள் இருந்தால் கவலையில்லை). இதில் எல்லோரும் சறுக்கும் இடம் தெர்மல் பேட், சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் சூட்டைக் கடத்த வைக்கும் மெத்தென்ற துண்டு. அதன் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், ஒன்றை உரித்துவிட்டு மற்றதை மறந்துவிடுவோம். நகத்தால் மூலையைச் சுரண்டிப் பாருங்கள், பிசுபிசுப்பு இல்லையென்றால் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒட்டிய பிறகு ஒருமுறை கழற்றினால் சிப்பின் அச்சு பேடில் முழுச் சதுரமாகப் பதிந்திருக்க வேண்டும், ஓரத்தில் மட்டும் பதிந்திருந்தால் ஹீட்சிங்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

ஃபேன் போடுவதென்றால் இரண்டு வயர் ஃபேனை 5 வோல்ட் பின்னுக்குப் பதில் 3.3 வோல்ட் பின்னில் கொடுங்கள், மெதுவாகச் சுற்றும், சத்தம் இருக்காது, பெரும்பாலும் அதுவே போதும். ஜிபிஐஓ பின்னில் (சிக்னல் அனுப்ப, வாங்க இருக்கும் பின்) மட்டும் நேராகச் செருகிவிடாதீர்கள், மோட்டார் இழுக்கும் கரண்டை அது தாங்காது, போர்டே போய்விடும். தேவைக்கேற்ப ஓட வேண்டுமென்றால் நடுவில் சுவிட்ச் மாதிரி ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும், அல்லது கன்ட்ரோல் வயரோடு வரும் மூன்று வயர் ஃபேன்.

நான் கடைசியில் ஃபேனையே கழற்றிவிட்டேன். கான்ஃபிக் ஃபைலில் பிராசசர் வேகத்துக்கான ஆர்ம்_ஃப்ரீக்கை (arm_freq) 1500 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1200 ஆக்கினேன், ஒரே ஒரு கேமராவுக்கு அது தாராளம், ஒட்டடை அடிக்கிற வேலையும் மிச்சம்.