கொழும்பிலிருந்து ஹட்டன் வீட்டுக் கணினியை இயக்க

தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவுவது பத்து நிமிட வேலை. மலையகத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பின்னேரம் இடி இடித்தால் வீட்டில் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவார்கள். கரண்ட் போய் வந்தாலும் கணினி தானாக எழும்பாது. அதனால் வீட்டை விட்டுக் கிளம்புமுன் கணினியை ஒழுங்குபடுத்துவதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் இணைப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலும் இருக்கும்) அதில் காட்டும் வான் (WAN) ஐ.பி முகவரியை, அதாவது இணையப் பக்கம் ரவுட்டருக்கு இருக்கும் முகவரியை, குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வை-பையில் இருந்தபடி கூகுளில் ‘வாட் இஸ் மை ஐ.பி’ என்று தேடுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்கென்று ஒரு பொது முகவரி இருக்கிறது. வேறு வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் இருப்பது 10 இல் தொடங்கினாலோ 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். சிம் போடும் 4ஜி ரவுட்டர்களில் பெரும்பாலும் இதுதான் நிலை. வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர் வரை வந்து சேராது.

யூடியூபில் பலர் சொல்லித்தரும் ‘போர்ட் ஃபோர்வர்டிங்’ முறை (வெளியிலிருந்து வரும் அழைப்பை வீட்டுக் கணினிக்கு அனுப்ப ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து வைப்பது) இப்படிப்பட்ட இணைப்பில் வேலை செய்யாததற்குக் காரணம் இதுவே. ஃபைபர் இணைப்பில் அது வேலை செய்யக்கூடும், ஆனாலும் செய்யாதீர்கள். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் பாவிக்கும் 3389 ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டால், எங்கெங்கோ இருக்கும் தானியங்கி நிரல்கள் வந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழையவிடும் ‘புளூகீப்’ என்ற ஓட்டை 2019 இல் வெளியானதும் இந்தச் சேவையில்தான். போர்ட் எண்ணை மாற்றினாலும் தேடுகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கீழே சொல்லும் இரண்டு வழிகளிலும் வீட்டுக் கணினியே முதலில் வெளியே போய் இணைப்பை ஏற்படுத்துகிறது. அதனால் ரவுட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லை.

இனி, கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழும்ப வேண்டும். டெஸ்க்டொப் என்றால் ஒன் செய்தவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தொடர்ந்து அழுத்தி பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புப் பக்கம்) போங்கள். ‘ரீஸ்டோர் ஒன் ஏ.சி பவர் லொஸ்’, ‘ஆஃப்டர் பவர் லொஸ்’, ‘ஏ.சி பேக்’ என்று போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். அதை ‘பவர் ஒன்’ ஆக்குங்கள். ‘லாஸ்ட் ஸ்டேட்’ போதாது: வீட்டில் யாராவது முறையாக ஷட் டவுன் செய்துவிட்டுப் பிளக்கைக் கழற்றியிருந்தால், திரும்பப் போடும்போது அது அணைந்த நிலைக்கே போகும்.

பழைய டெஸ்க்டொப்பில் இன்னொரு தடங்கல் உண்டு. போர்டில் இருக்கும் வட்டமான சி.ஆர் 2032 பெட்டரி செத்திருந்தால், பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் பயோஸ் அமைப்பு அழிந்துவிடும். கணினியும் ‘எஃப்1 அழுத்துங்கள்’ என்று கேட்டபடி நின்றுவிடும். கடிகாரம் பல வருடம் பின்னால் காட்டினால் அதுதான் அறிகுறி. டவுனில் மணிக்கூடு திருத்தும் கடையிலேயே இந்தப் பெட்டரி கிடைக்கும்.

லெப்டொப்பில் பெட்டரியே யூ.பி.எஸ் மாதிரி உதவும். ஆனால் அது முற்றாக இறங்கிவிட்டால், கரண்ட் வந்தாலும் பெரும்பாலான லெப்டொப்கள் தானாக ஒன் ஆகா. சிலவற்றின் பயோஸில் ‘வேக் ஒன் ஏ.சி’ இருக்கும், இருந்தால் போட்டுவிடுங்கள். மூடியை மூடினால் தூங்காதபடி கொன்ட்ரோல் பெனலின் பவர் ஒப்ஷன்ஸில் ‘டு நதிங்’ ஆக்குங்கள். இரண்டு வகைக் கணினிக்கும் ‘ஸ்லீப்’ நேரத்தை ‘நெவர்’ ஆக்க வேண்டும். திரை மட்டும் அணையலாம்.

கரண்ட் பில்லையும் யோசியுங்கள். சும்மா இருக்கும்போது 60 வொட் எடுக்கும் டெஸ்க்டொப் மாதம் முழுக்க ஓடினால் 43 யூனிட் வரும். 10 வொட் எடுக்கும் லெப்டொப்புக்கு 7 யூனிட்தான். பாவனை கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும் என்பதால் இந்த வித்தியாசம் பில்லில் நன்றாகத் தெரியும். மாலையில் மட்டும்தான் தேவை என்றால், பயோஸின் ‘ஆர்.டி.சி அலாரம்’ வசதியில் 6 மணிக்கு எழும்பும்படியும், விண்டோஸின் ‘டாஸ்க் ஷெடியூலர்’ மூலம் 11 மணிக்கு அணையும்படியும் வைக்கலாம்.

இடி நேரத்தில் பிளக்கைக் கழற்ற வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லாதீர்கள். அவர்கள் செய்வதுதான் சரி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மழை கடுமையாக இருக்கும். செம்புக் கம்பியில் வரும் டெலிபோன் இணைப்பு என்றால் அந்த வயரையும் ரவுட்டரிலிருந்து கழற்ற வேண்டும். மின்னல் அதன் வழியாகவும் வரும். சொக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: ‘இடி நின்றதும் எல்லா வயரையும் திரும்பப் போடவும். பட்டனைத் தொடத் தேவையில்லை.’

சின்ன மின்வெட்டுகளுக்கு ரவுட்டருக்கு ஒரு மினி யூ.பி.எஸ் வாங்கலாம். ரவுட்டர் அடெப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் யூ.பி.எஸ் தரும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை. 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடக்கூடும். மணிக்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் டவரின் பெட்டரியும் இறங்கிவிடும், அப்போது எந்த யூ.பி.எஸ்ஸும் உதவாது.

இனி மென்பொருள். செட்டிங்ஸ், சிஸ்டம், எபவுட் பக்கத்தில் உங்களிடம் இருப்பது விண்டோஸ் ஹோமா புரோவா என்று பாருங்கள்.

ஹோம் என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போதும். வீட்டுக் கணினியில் குரோமில் அதன் இணையப் பக்கத்தைத் திறந்து, உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, ‘ரிமோட் அக்சஸ்’ பகுதியில் நிறுவுங்கள். கணினிக்கு ஒரு பெயரும் குறைந்தது 6 இலக்க பின் எண்ணும் கேட்கும். கொழும்பில் அதே கணக்கில் நுழைந்தால் கணினியின் பெயர் தெரியும். கணினி மீண்டும் எழும்பி கடவுச்சொல் கேட்கும் திரையில் நின்றாலும் இது இணையும். நீங்கள் செய்வது வீட்டுத் திரையிலும் தெரியும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கூகுள் கணக்குக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு கட்டாயம் போடுங்கள்.

புரோ என்றால் டெய்ல்ஸ்கேலும் (உங்கள் கணினிகளை மட்டும் இணையத்தின் வழியே ஒரு தனி வலையில் சேர்க்கும் நிரல்) விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டொப்பும் சேர்ந்த வழியையே பரிந்துரைப்போம். வேகம் குறைந்த இணைப்பிலும் இது நன்றாக ஓடும். வீட்டில் இருப்பவர்களுக்குப் பூட்டிய திரை மட்டுமே தெரியும்.

1. இரண்டு கணினியிலும் டெய்ல்ஸ்கேலை நிறுவி ஒரே கணக்கில் நுழையுங்கள். தனிப்பட்ட பாவனைக்கு இலவசம்.
2. வீட்டுக் கணினியில் அதன் சின்னத்தை அழுத்தி ‘ரன் அன்அட்டென்டட்’ என்பதைத் தெரியுங்கள். இதை விட்டுவிட்டால், யாராவது கடவுச்சொல் அடித்து உள்ளே போகும் வரை இணைப்பு வராது.
3. டெய்ல்ஸ்கேலின் இணையப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு ‘டிஸேபிள் கீ எக்ஸ்பைரி’ கொடுங்கள். இல்லாவிட்டால் வழக்கமாக 180 நாளில் காலாவதியாகிவிடும்.
4. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டொப் என்று போய் ஒன் செய்யுங்கள்.
5. கொழும்பில் ‘ரிமோட் டெஸ்க்டொப் கனெக்ஷன்’ நிரலைத் திறந்து, வீட்டுக் கணினிக்கு டெய்ல்ஸ்கேல் கொடுத்த முகவரியை அடியுங்கள்.

அந்த முகவரியும் 100 இலேயே தொடங்கும். முன்பு ரவுட்டரில் பார்த்ததோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த வழியில் பலர் மாட்டிக்கொள்வது கடவுச்சொல்லில். வீட்டில் பின் எண் அடித்துப் பழகியவர்கள் இங்கேயும் அதையே அடிப்பார்கள், ஏற்காது. கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். மைக்ரோசொஃப்ட் கணக்கு என்றால், ‘சைன்-இன் ஒப்ஷன்ஸ்’ பக்கத்தில் விண்டோஸ் ஹலோவை (பின் எண், முகம், கைரேகையால் நுழையும் முறை) மட்டும் அனுமதிக்கும் தெரிவை அணைத்துவிட்டு, ஒருமுறை வீட்டிலேயே கடவுச்சொல் அடித்து நுழைந்துகொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதிக்காமல் கிளம்பாதீர்கள். போனில் வீட்டு வை-பையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இணைந்து பாருங்கள் (டெய்ல்ஸ்கேல் வழி என்றால் போனிலும் டெய்ல்ஸ்கேலும் ரிமோட் டெஸ்க்டொப் செயலியும் இருக்க வேண்டும்). பிறகு கணினியை ஷட் டவுன் செய்து, பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். யாரும் தொடாமல் எழும்பி, திரும்பவும் போனில் இணைந்தால் சரி.

படம் விட்டு விட்டு வந்தால் வீட்டிலிருந்து வெளியே போகும் அப்லோட் வேகம் போதவில்லை. ஸ்பீட் டெஸ்டில் பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மலை மறைக்கும் வீடுகளில் ரவுட்டரை டவர் இருக்கும் பக்கத்து யன்னலுக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியலாம். ரிமோட் டெஸ்க்டொப் கனெக்ஷன் என்றால், இணைக்குமுன் அதன் ‘டிஸ்பிளே’ பகுதியில் திரை அளவைக் குறைத்து, நிறத்தை 16 பிட் ஆக்குங்கள். ‘எக்ஸ்பீரியன்ஸ்’ பகுதியில் பின்னணிப் படத்தை அணையுங்கள். வீட்டுக் கணினியில் வீடியோ ஓடவிட்டுத் தூரத்திலிருந்து பார்ப்பது டேட்டாவைக் கரைக்கும் வேலை. பெரிய கோப்புகளை, பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால், அந்த நேரத்தில் அனுப்புங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள், வினாத்தாள்கள் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கோப்பைப் போனுக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். இங்கே கோப்பு திறப்பது எழுத்துரு இருக்கும் வீட்டுக் கணினியில் என்பதால் அப்படியே வாசிக்கலாம், திருத்தலாம்.

யாராவது தொலைபேசியில் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க் போன்ற, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் நிரலை நிறுவச் சொன்னால் உடனே போனை வைத்துவிடும்படி வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். அந்த நிரல் நல்லதுதான், கேட்கிறவர்தான் திருடர்.

வேலை முடிந்ததும் ஷட் டவுன் அல்ல, டிஸ்கனெக்ட் கொடுங்கள். கை தவறி ஷட் டவுன் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, டெஸ்க்டொப்பின் பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். லெப்டொப் என்றால் பட்டனைத்தான் அழுத்தச் சொல்ல வேண்டும்.