அடிப்பதற்கு முன் கால்களை எண்ணுங்கள்

மழை ஓய்ந்த கையோடு நம் கன்னியாகுமரி மாவட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். ரப்பர் மரங்களுக்கு நடுவே மஞ்சள் வலை, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் சிலந்தி. கூடவே 'அமேசான் காட்டு விஷச் சிலந்தி, உடனே பகிரவும்' என்று ஒரு வரி. மறுநாள் யாராவது கம்பும் கையுமாகத் தோட்டத்தில் இறங்கி வலை வலையாக இடித்துத் தள்ளுவார். இதில் சாவது நம் ஊர்ச் சிலந்தி என்பதால் இந்தத் தவறையே முதலில் பேசிவிடலாம்.

அது நெஃபிலா பிலிபெஸ் என்னும் பொன்வலைச் சிலந்தி. இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை அதற்குச் சொந்த ஊர்தான். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் போனால் காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் வலைக்கு அருகே நின்று பாருங்கள். இழை வெள்ளையாக இருக்காது, நல்ல பொன் நிறம். கறுத்த உடம்பில் மஞ்சள் கோடுகள், கால் மூட்டுகளில் மஞ்சள் பொட்டுகள். பெண்ணுக்கு உடல் மட்டும் 3 முதல் 5 செ.மீ. இருக்கும். அதே வலையில் செம்பழுப்பாக, அரை செ.மீ. அளவில் இன்னொன்று ஒண்டிக்கொண்டிருக்கும். பார்த்தவர்கள் குட்டி என்பார்கள். அது ஆண். இந்தச் சிலந்தி தானாகத் தேடி வந்து கடிக்காது. கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும். வலியும் வீக்கமும் வந்து போகும்.

அமேசான் பக்கத்துப் பெரிய சிலந்தி என்றால் அது கோலியாத். தென் அமெரிக்காவின் வடபகுதி மழைக்காடுகளில் மண் வளையில் வாழ்கிறது. கால் விரித்தால் 30 செ.மீ. வரை, எடை 170 கிராம் வரை வரும். பறவை தின்னி என்று பெயர் எடுத்திருந்தாலும் அதன் ஆகாரம் பெரும்பாலும் மண்புழு, தவளை, பூச்சிகள்தான். மரத்துக்கு மரம் வலை கட்டி இரை பிடிக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. படத்தில் பெரிய வட்ட வலை இருக்கிறதா, அது கோலியாத் இல்லை. பகிர்வதற்கு முன் இதை மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்த தவறு, நசுக்குவது. சிலந்தியைவிட இதில்தான் நம் தோலுக்கு உண்மையான கேடு. ரப்பருக்கு நடுவே வீடு உள்ளவர்களுக்கு முப்ளி வண்டைத் தெரியும். உதிர்ந்த ரப்பர் இலைகளைத் தின்று பெருகி, கோடை மழை தொடங்கியதும் விளக்கு வெளிச்சத்தைத் தேடி ஓட்டுக்குள்ளும் மச்சுக்குள்ளும் கூட்டமாக வந்து அடையும். அது கடிக்காது. ஆனால் நசுங்கினால் நாற்றமடிக்கும் திரவத்தை விடும். அது பட்ட இடத்தில் தோல் எரிந்து சிவக்கும். எனவே காலால் மிதிக்காமல் வாரியலால் கூட்டி, சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளுங்கள். அந்த நாட்களில் வெளி விளக்குகளைச் சீக்கிரம் அணைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

இதைவிட மோசம் பெடரஸ் வண்டு. ஒரு செ.மீ.கூட இருக்காது, சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வந்து, பார்க்க எறும்பு மாதிரியே இருக்கும். இதற்கும் கடியோ கொட்டோ இல்லை. ராத்திரி கழுத்தில் ஊரும்போது தூக்கக் கலக்கத்தில் தேய்த்துவிடுவோம். உடம்புக்குள் இருக்கும் பெடரின் என்ற நச்சு அப்படியே தோலில் பூசிக்கொள்ளும். ஒன்றிரண்டு நாள் கழித்துக் கோடு கிழித்தது போலக் கொப்புளம் எழும்பும். அக்கி என்று ஒருவர் சொல்வார், எட்டுக்கால் பூச்சி ஓடிய தடம் என்று இன்னொருவர் சொல்வார். பழி சிலந்திக்கு, காரணம் வண்டு. ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டதா, உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் நேராக மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அதே வண்டு வயலில் நெற்பயிரைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்னும். நாஞ்சில் நாட்டு நெல்லுக்கு அது நல்ல காவல்காரன், அதனால் வயலில் கண்டால் விட்டுவிடுங்கள்.

எறும்பு என்று நினைப்பதெல்லாம் எறும்பும் இல்லை. எங்கள் வீட்டு மாமரத்தில் முசிறு எறும்புக் கூடு உண்டு. ஒருநாள் அந்த வரிசையை விட்டு ஒதுங்கி ஒன்று மட்டும் தனியாக நடந்தது. செம்மஞ்சள் நிறம், ஒடுங்கின இடுப்பு, எல்லாம் முசிறேதான். கிட்டத்தில் குனிந்து எண்ணினேன், எட்டுக் கால். முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது. இலையைத் தட்டினதும் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்கிவிட்டது. முசிறின் கடிக்குப் பயந்து மற்றவை விலகுவதால், அந்த வேடத்தில் இந்தச் சிலந்தி பிழைத்துக்கொள்கிறது. ஆணுக்கு வாய்ப் பகுதி நீளமாகப் புடைத்திருக்கும். ஒரு முசிறு இன்னொரு சின்ன முசிறைத் தூக்கிப் போகிறது போலவே தோன்றும். மரத்துக்கு மருந்து அடிக்கும் முன் ஒரு பத்து நிமிடம் அந்த வரிசையைப் பாருங்கள்.

வீட்டுச் சுவரில் ஓடும் பெரிய தட்டையான சிலந்திக்கும் வாரியல் அடி வேண்டாம். கரப்பான் பிடிக்கிறது அதுதான். வயிற்றடியில் வெள்ளையாக வில்லை மாதிரி வைத்திருந்தால் அது முட்டைப்பை. சில்வர் டம்ளரால் மூடி, அடியில் ஒரு அட்டையைச் செருகி வெளியே விட்டால் முடிந்தது.

பாசத்தில் செய்யும் தவறும் உண்டு. முன் இறகின் நுனி பாம்புத் தலை போல வளைந்த அட்லஸ் அந்துப்பூச்சி சில ராத்திரிகளில் விளக்கடியில் வந்து உட்காரும். பக்கத்துக் கேரளத்தில் நாகசலபம் என்பார்கள். பசியில் சோர்ந்திருக்கிறது என்று பிள்ளைகள் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள். அதற்கு உண்ண வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்து ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுச் சாகும். பாட்டிலில் அடைத்து வைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் சொற்ப ஆயுளில் கழிகிறது. விளக்கை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள், அது தானே பறந்துவிடும். குளத்தில் முதுகு நிறைய முட்டையோடு நீந்தும் நீர்ப்பூச்சியையும் அப்படித்தான், ஒட்டுண்ணி என்று நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். அவை அதன் பிள்ளைகள், சுமப்பது தகப்பன்.

எங்களுக்கு ரப்பர் பால் வெட்ட வரும் அண்ணன் விடியலுக்கு முன் நெற்றி விளக்கோடு தோட்டத்தில் இறங்குவார். ஐந்தாவது வரிசையில் ஆள் உயரத்தில் ஒரு பொன்வலை. அதன் நூலில் ஒரு ரப்பர் இலையைச் செருகி அடையாளம் வைத்திருக்கிறார். அந்த இலை கண்ணில் பட்டதும் தலையைக் குனிந்து அடுத்த மரத்துக்குப் போகிறார்.