சயின்ஸ் பிடிக்காத பிள்ளைக்கு லைஃப் சயின்ஸ் பாடத்திட்டம்: வாங்குவதற்கு முன் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே ஹோம்ஸ்கூல் செய்கிற குடும்பங்களில் ஐந்தாம் வகுப்பு வரை சயின்ஸ் எப்படியோ ஓடிவிடும், பேக்கிங் சோடாவில் வினிகர் ஊற்றி எரிமலை பொங்கவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. ஏழாவதில் லைஃப் சயின்ஸ், அதாவது உயிரியல், என்று ஒரு தடித்த புத்தகம் வந்து இறங்கும்போதுதான் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். நாமும் உடனே வேறு பாடத்திட்டம் தேட உட்கார்ந்துவிடுகிறோம். முதல் தவறே அதுதான். அவனுக்கு எது பிடிக்கவில்லை என்று பார்க்காமல் எத்தனை தடவை மாற்றி வாங்கினாலும் காசுதான் போகும்.

பாதிப் பிள்ளைகளுக்கு உயிரியல் மேல் ஒரு கோபமும் கிடையாது, எழுதுவதுதான் கசக்கிறது. பாடம் முடிந்ததும் முழு வாக்கியத்தில் பதில் எழுது, படம் வரைந்து பாகம் குறி, கலைச்சொல்லுக்கு விளக்கம் எழுது என்று வரிசையாக வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? கரப்பான்பூச்சியின் செரிமான மண்டலத்தை வரைந்து வரைந்தே மார்க் வாங்கிய நமக்கு இது படிப்பாகத் தெரிகிறது, அவனுக்குத் தண்டனையாகத் தெரிகிறது. ஒரு வாரம் எழுத்து வேலையை முழுக்க நிறுத்துங்கள். அதே பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, பதிலை வாயால் சொல்லச் சொல்லுங்கள். பேச ஆரம்பித்துவிட்டான் என்றால் புத்தகத்தில் கோளாறு இல்லை. அப்படியும் உர்ரென்று இருந்தால், சரி, மாற்றலாம்.

புத்தகம் செல்லில், அதாவது உயிரணுவில், ஆரம்பிக்கிறது என்பதற்காக நாமும் அங்கேயே ஆரம்பிப்பது இன்னொரு தவறு. மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் என்று கண்ணுக்குத் தெரியாத பெயர்களாக முதல் மாதம் முழுக்கப் போனால் கொஞ்சநஞ்ச ஆர்வமும் வற்றிவிடும். அமெரிக்காவில் பள்ளி அறிவியலுக்காக 2013-இல் வந்த என்.ஜி.எஸ்.எஸ். தரநிலைகள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமான உயிரியலை உடல் அமைப்பும் செயல்பாடும், சூழல் அமைப்பு, மரபு, பரிணாமம் என்று நான்காகப் பிரிக்கின்றனவே தவிர, எதை முதலில் நடத்த வேண்டும் என்று விதிக்கவில்லை. பறவையில் ஆரம்பியுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் ஆப் இலவசம், கொல்லைப்புறத்தில் கேட்கும் குரலை வைத்தே எந்தப் பறவை என்று சொல்லும்.

அப்புறம் மைக்ரோஸ்கோப். அட்டையில் 1200 மடங்கு என்று போட்டு விற்கும் பிளாஸ்டிக் பொம்மையில் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், இரண்டே நிமிடத்தில் பிள்ளை எழுந்து போய்விடுவான். கண்ணாடி லென்ஸோடு 40 முதல் 400 மடங்கு வரை காட்டுவது இந்த வயதுக்குத் தாராளம். வெங்காய இதழின் உள்பக்கச் சவ்வை நகத்தால் மெல்ல உரித்து, ஸ்லைடில் சுருக்கமில்லாமல் விரித்து, நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டு, மூடும் கண்ணாடியை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்கினால் காற்றுக் குமிழி வராது. செங்கல் அடுக்கியதுபோல் செல்களும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பழுப்புப் புள்ளியாக உட்கருவும் தெரியும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி மலிவு, நல்ல பொருள்தான். ஆனால் அதில் படத்தைக் கூர்மையாகக் கொண்டுவரப் பொறுமை வேண்டும், சலித்துக்கொள்கிற பிள்ளைக்கு முதல் கருவியாக நான் கொடுக்க மாட்டேன்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இங்கே ஹோம்ஸ்கூல் புத்தகம் போடும் பதிப்பகங்களில் பல உயிர்களைக் கடவுளே படைத்தார் என்கிற கிறிஸ்தவப் படைப்புக் கொள்கையின்படி எழுதுகின்றன. உங்கள் வீட்டு நம்பிக்கை எதுவானாலும், பாதி வருடம் போனபின் அதைக் கண்டுபிடிப்பது எரிச்சல். 'செக்யுலர்' (மதம் சாராதது) என்று போட்டிருந்தால் பரிணாமம் வழக்கமாக உள்ளே இருக்கும். 'நியூட்ரல்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அந்தப் பேச்சையே எடுக்காமல் தாண்டியிருப்பார்கள். வாங்கும் முன் பொருளடக்கத்தில் பரிணாமமும் தொல்லுயிர் எச்சமும் எங்கே வருகின்றன என்று தேடுங்கள், ஒரு நிமிட வேலை.

மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் பதறுவதும் உண்டு. டெக்சாஸ் கேட்பது வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, அவ்வளவுதான், சயின்ஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. நியூயார்க்கில் ஏழு, எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் கட்டாயம், காலாண்டு அறிக்கையும் அனுப்ப வேண்டும். டெக்சாஸில் இருந்துகொண்டு அறிக்கைக்குத் தோதான புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை.

தவளை அறுக்கும் கிட் சேர்த்து முழு வருடத்துக்கும் மொத்தமாக வாங்காதீர்கள். அறுப்பது அவனுக்குக் குமட்டினால் பெட்டி பிரிக்காமலே கிடக்கும். சிகே-12 தளத்திலும் கான் அகாடமியிலும் நடுநிலைப் பள்ளி உயிரியல் இலவசமாகவே கிடைக்கிறது. அதை வைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்குள் சரியாக வரும் என்று உங்களுக்குத் தோன்றும் இரண்டு பாடத்திட்டங்களின் மாதிரி அத்தியாயங்களை இறக்கி, அவனையே ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எது உங்களுக்குப் பிடித்தது என்பதை மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள், இந்த வயதில் அது தெரிந்தால் வேண்டுமென்றே மற்றதைத்தான் எடுப்பார்கள்.