‘முதல்’ என்று ஆரம்பிக்கும் கேள்விகள்: வினாடி வினா நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு வினாடி வினா வைத்திருந்தார்கள். நடத்தியவர் கல்லூரி மாணவர். நல்ல குரல், உற்சாகமாகவும் நடத்தினார். மூன்றாவது ரவுண்டில் “இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?” என்று கேட்டார். ஏழாவதோ எட்டாவதோ படிக்கும் ஒரு பெண் எழுந்து, “அப்படி எதையும் அறிவிக்கலை அண்ணா” என்றாள்.

“தவறு. அடுத்த அணி?”

அடுத்த அணி “ஹாக்கி” என்றது. பத்து மதிப்பெண், கைதட்டல்.

அந்தப் பெண் சொன்னதுதான் சரி. எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே 2012இல் எழுத்தில் பதில் தந்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவிதான். இந்தப் பெண் அதற்குப் பிறகு கடைசிவரை வாயே திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதே முகத்தை நானும் ஒரு பையனிடம் வரவழைத்திருக்கிறேன்.

நூலகம், பள்ளி, குடியிருப்பு, கல்யாண வீடு என்று பதினைந்து வருடமாக வினாடி வினா நடத்துகிறேன். மைக்கைச் சரிபாருங்கள், ஸ்லைடில் எழுத்துப்பிழை இல்லாமல் பாருங்கள் என்பதை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒருமுறை பட்டாலே புரிந்துவிடும். யாராவது எடுத்துச் சொன்னால் தவிர நமக்குத் தெரியவே வராத தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் சொல்கிறேன்.

விடையை மட்டும் சரிபார்த்துவிட்டு, கேள்வியைச் சரிபார்க்காமல் விடுவது

நான்கைந்து வருடங்களுக்கு முன் நூலக வார விழாவில் பள்ளிகளுக்கு இடையே போட்டி. இறுதிச் சுற்று, கடைசிக் கேள்வி. நூலகம் என்பதால் பொருத்தமாக இருக்கட்டும் என்று, “தமிழில் அச்சான முதல் நூல் எது?” என்று கேட்டேன். என் தாளில் இருந்த விடை ‘தம்பிரான் வணக்கம்’. 1578இல் கொல்லத்தில் அன்றீக்கே அடிகளார் அச்சிட்ட நூல். விடையை இரண்டு இடங்களில் சரிபார்த்திருந்தேன்.

அரசுப் பள்ளிப் பையன் ஒருவன், “கார்டிலா, 1554, லிஸ்பன்” என்றான். ஆண்டோடும் ஊரோடும் சொன்னான். நான் “தவறு” என்றேன். அடுத்த அணி தம்பிரான் வணக்கம் என்று சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனது.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் பையிலிருந்து தமிழ்ப் பாடநூலை எடுத்துக்கொண்டு வந்தான். பக்கத்தைப் புரட்டி, அந்த வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினான். லிஸ்பனில் அச்சான அந்த நூலின் மொழி தமிழ், எழுத்துத்தான் ரோமன். “தம்பி, நான் கேட்டது தமிழ் எழுத்தில் அச்சான நூல்” என்றேன்.

“நீங்க அப்படிக் கேக்கலையே சார்” என்றான்.

தாளை எடுத்துப் பார்த்தேன். ‘எழுத்தில்’ என்ற சொல் இல்லை. அந்த ஒரு சொல் இருந்திருந்தால் அவன் கார்டிலாவை விட்டுவிட்டுத் தம்பிரான் வணக்கத்தைச் சொல்லியிருப்பான். அவனுக்கு இரண்டுமே தெரியும். அன்றைக்கு அந்த மேடையில் இரண்டும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கோப்பை போய்விட்டது, சிறப்பு விருந்தினரும் கிளம்பிவிட்டார். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவனும் தலையாட்டினான். அதனால் எதுவும் மாறவில்லை.

இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இது. புதிதாக நடத்த வருபவர்கள் இதையே செய்வதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. சொல் சரியாக இல்லாத கேள்வி எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. மேலோட்டமாகப் படித்தவருக்கு ஒரே விடைதான் தெரியும். அவர் அதைச் சொல்லி மதிப்பெண் வாங்கிவிடுவார். ஆழமாகப் படித்தவர்தான் தடுமாறுவார், அல்லது நம் தாளில் இல்லாத சரியான விடையைச் சொல்லி அடிபடுவார்.

‘முதல்’, ‘பெரிய’, ‘நீளமான’, ‘ஒரே’, ‘கண்டுபிடித்தவர்’ போன்ற சொற்கள் உங்கள் கேள்வியில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள். “இந்தியாவின் முதல் செயற்கைக்கோள்?” ஆரியபட்டா, 1975. ஆனால் அது சோவியத் நாட்டிலிருந்து சோவியத் ராக்கெட்டில் போனது. இந்திய மண்ணிலிருந்து இந்திய ராக்கெட்டில் போன முதல் செயற்கைக்கோள் 1980இன் ரோகிணி. உங்களுக்கு எது வேண்டுமோ அதைக் கேளுங்கள். “முதல் தமிழ்ப் பேசும் படம்?” என்றால் 1931இன் காளிதாஸ் என்போம். அந்தப் படத்தில் தெலுங்கும் பேசியிருக்கிறார்கள். ‘முழுக்கத் தமிழில்’ என்று யாராவது பிடித்தால் என்ன செய்வீர்கள்? உலகின் நீளமான ஆறு நைலா அமேசானா என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். அதைப் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கவே கூடாது.

இப்போது நான் செய்வது இதுதான். கேள்வியை எழுதியதும் விடையை மறைத்துவிட்டு, “இதற்கு வேறு எந்த விடையெல்லாம் சரியாகும்?” என்று எனக்கு எதிராக நானே வாதாடுவேன். அப்புறம், அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் கேள்வியை மட்டும் கொடுப்பேன். அவர் விடை சொல்வதற்கு முன் “எதைக் கேக்குறீங்க?” என்று திருப்பிக் கேட்டாலே அந்தக் கேள்வி தேறவில்லை என்று அர்த்தம். அதைத் திருத்தி எழுதுவேன்.

இவ்வளவு பார்த்தும் மேடையில் ஒரு கேள்வி சிக்கலாகிவிட்டால் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்ற வரிக்குப் பின்னால் போய் ஒளியாதீர்கள். லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வுக்கே டிஎன்பிஎஸ்சி உத்தேச விடைக்குறிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுக்கிறது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் நமக்கு என்ன குறைந்துவிடும்? “அந்த விடையும் சரிதான், மதிப்பெண் தருகிறேன்” என்று சொல்லுங்கள். அல்லது கேள்வியை ரத்து செய்துவிட்டு வேறொன்று கேளுங்கள். அதற்காகவே ஐந்து கேள்விகளைக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள்.

பழைய விடை

தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? பழைய பொது அறிவுப் புத்தகம் 32 என்று சொல்லும். 2019இல் ஐந்து மாவட்டங்கள் பிறந்தன, 2020இல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆனது. அதிக நிலவுகள் கொண்ட கோள் எது என்ற கேள்வி இன்னும் மோசம். 2023 பிப்ரவரியில் வியாழன் முந்தியது, அதே ஆண்டு மே மாதமே சனி திரும்ப முந்திவிட்டது. 2025 மார்ச்சில் ஒரே அடியாக 128 புதிய நிலவுகள் சேர்ந்து சனியின் கணக்கு 274 ஆனது. எண்ணிக்கை சம்பந்தப்பட்ட கேள்வி என்றால், நடத்தும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள்.

தெரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை

“கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் எது?” என்று கேட்டால் தெரிந்தவர் ஒரு நொடியில் “கேட்டமரன்” (catamaran) என்பார், தெரியாதவர் சும்மா இருப்பார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “நம் மீனவர்கள் பயன்படுத்திய ஒன்றின் பெயர் கடல் தாண்டி ஆங்கில அகராதிக்குள் போனது. இன்று அந்தச் சொல் அக்கம்பக்கமாக இரண்டு உடல்கள் கொண்ட படகைக் குறிக்கிறது. நாம் சொல்லும் பெயரிலேயே அதைச் செய்யும் முறை இருக்கிறது. என்ன?” இப்போது அணிக்குள் தலைகள் ஒன்றாகச் சேரும். ஒருவர் “படகு” என்பார், இன்னொருவர் “செய்யும் முறைன்னா... கட்டுறது!” என்பார். அந்த இருபது நொடிக் கிசுகிசுப்பைக் கேட்பதற்காகத்தான் நான் இன்னும் இதை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

கஷ்டமான கேள்வி எழுதுவது பெரிய காரியமில்லை. யோசித்தால் பிடிபடும் கேள்வி எழுதத்தான் நேரம் ஆகும்.

பழைய பாஸ் முறை

பழைய பள்ளிப் போட்டிகளின் பழக்கம் இது: ஒவ்வோர் அணிக்கும் ஒரு நேரடிக் கேள்வி, தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் பாஸ். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் பலவீனமான அணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அணிக்குக் கூடுதல் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். உட்காரும் இடமே போட்டியை முடிவு செய்துவிடும்.

அதற்காகத்தான் ‘இன்ஃபினிட் பவுன்ஸ்’ (infinite bounce) என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். விடை சொன்ன அணி எதுவோ, அதற்கு அடுத்த அணியிடமிருந்து அடுத்த கேள்வி ஆரம்பிக்கும். யாருமே சொல்லாவிட்டால், அந்தக் கேள்வியை முதலில் எந்த அணியிடம் கேட்டோமோ அதனிடமே அடுத்த கேள்வி திரும்ப ஆரம்பிக்கும். கூடவே ‘பவுன்ஸ்’ போல ஒலிக்கும் ‘பௌன்ஸ்’ (pounce) வேறு உண்டு: தன் முறைக்காகக் காத்திருக்காமல் எந்த அணியும் விடையைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம், சரியென்றால் மதிப்பெண், தவறென்றால் கழிவு. சின்னப் போட்டி என்றால் இதெல்லாம்கூட வேண்டாம். எல்லாருக்கும் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு நெகட்டிவ் மார்க்

வேண்டாம்.

விடையைச் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போவது

நேரம் போகிறதே என்று விடையை அவசரமாக முணுமுணுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்பதே படிப்பின் ஒரு பகுதி என்பது இவர்களுக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதி எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

என் அக்கா இந்த ஆய்வையெல்லாம் படித்ததில்லை. தோசை வார்த்துக்கொண்டே மகனிடம் முந்தின நாள் பாடத்தில் மூன்று கேள்வி கேட்பாள். அவன் தவறாகச் சொன்னால் அடுத்த தோசை விழுவதற்குள் சரியான விடையைச் சொல்லிவிடுவாள், திட்ட மாட்டாள். ராத்திரி அதே கேள்வியை மறுபடி கேட்பாள்.

நான்கு ஆப்ஷன் கொடுக்கும் போட்டிகளில் இது இன்னும் முக்கியம். 2000ஆம் ஆண்டில் கோன் பனேகா குரோர்பதியும் தமிழில் கோடீஸ்வரனும் வந்த பிறகு நான்கு ஆப்ஷன் இல்லாமல் கேள்வியே இல்லை என்றாகிவிட்டது. நான்கில் மூன்று தவறான விடைகள். ஒரு பிள்ளை தவறானதைத் தேர்ந்தெடுத்து, நாம் திருத்தாமல் விட்டால், அதுவே மனதில் உட்கார்ந்துவிடும். கேள்விக்கு முப்பது நொடி கொடுத்தால் விடைக்கும் முப்பது நொடி கொடுங்கள். எப்படி அந்த விடை வந்தது என்றும் ஒரு வரி சொல்லுங்கள்.

குடும்ப விசேஷத்தில் சங்கடமான கேள்வி

ஓர் அறுபதாம் கல்யாணத்தில், சாப்பாட்டுக்கு முன்னால் சொந்தக்காரர்களை இரண்டு அணியாகப் பிரித்து விளையாடினோம். ஒரு தம்பி ஆர்வக்கோளாறில், “மாமா அத்தையைப் பார்க்கறதுக்கு முன்னாடி எத்தனை பொண்ணு பார்த்தாரு?” என்று கேட்டுவிட்டான். அத்தை சிரித்தார். ஆனால் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹாலே அமைதியாகிவிட்டது.

நான் மைக்கை வாங்கி, “பழைய வீட்டுக் கிணற்றடியில் என்ன மரம் இருந்தது?” என்று கேட்டேன். கடைசி வரிசையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்த பெரியம்மா, “நார்த்தை. நான் வெச்சது” என்றார். அப்புறம் பத்து நிமிடம் அவர்தான் பேசினார், யாரும் ஸ்கோர் எழுதவில்லை. வீட்டு விசேஷத்தில் அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்விகளாகப் பாதியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போனைப் பிடுங்கி வைப்பது

தேவையில்லை. தேடினாலும் சட்டென்று கிடைக்காத மாதிரி கேளுங்கள்.

டை பிரேக்கர் இல்லாமல் மேடை ஏறுவது

இரண்டு அணிகள் சமமாக நின்றுவிட்டால் அந்த நேரத்தில் யோசித்துக் கேட்கும் கேள்வி நிச்சயம் சொதப்பும். எண்ணில் விடை வரும் கேள்வி ஒன்றை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் எழுதட்டும், யார் எண் நெருக்கமாக இருக்கிறதோ அவர்களுக்குக் கோப்பை. நான் இப்போது எல்லா ஊருக்கும் எடுத்துப் போவது இதை: “1578இல் கொல்லத்தில், தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலில் எத்தனை பக்கங்கள்?”

விடை, 16.