முதல் மான் வேட்டை ரைஃபிள்: பிராண்டுகளை எப்படி ஒப்பிடுவது?

அமெரிக்காவில் மான் சீசன் நெருங்கினால் போதும், ரூகரா, சாவேஜா, டிக்காவா, ரெமிங்டனா, எந்தத் துப்பாக்கி பிராண்ட் நல்லது என்ற பேச்சு தொடங்கிவிடும். புதிதாக வாங்குபவர்களும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். பெயரைக் கடைசியில் பாருங்கள் என்பேன். அப்போதும் எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்று சேர்த்துப் பாருங்கள்.

வெள்ளைவால் மானுக்கு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். (இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டைக்கே இடமில்லை.)

படி 1: மாநில விதி

ஒஹாயோவில் மான் வேட்டைக்கு ரைஃபிள் எடுத்துப் போனால் நேர்ச்சுவர்த் தோட்டா (உறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அகலமாக இருப்பது) மட்டும்தான். கழுத்து குறுகிய .308 போன்ற தோட்டா அங்கே செல்லாது. இது தெரியாமல் வாங்கினால் எந்த பிராண்டாக இருந்தும் பயனில்லை.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூட்டாட்சிச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கி வாங்கத் தடை உண்டு. அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதனால் வேட்டைப் பயிற்சியும் உரிமமும் முதலில், கடை அப்புறம்.

படி 2: ஒரே காலிபர் (தோட்டா அளவு)

ஒரு பிராண்டின் .243-ஐ இன்னொன்றின் .30-06-உடன் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. ஒன்றை முடிவு செய்துகொண்டு, எல்லாக் கம்பெனியிலும் அதையே கேளுங்கள். 1952இல் வந்த .308 வின்செஸ்டர் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் தோளை அவ்வளவாக உதைக்காது. மாநில விதி இடம் தந்தால், முதல் துப்பாக்கிக்கு இந்த இரண்டில் ஒன்று போதும்.

படி 3: தோளில் வைத்துப் பார்ப்பது

கடைக்காரரைக் கேட்டு போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். குழலை யார் பக்கமும் திருப்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளில் பொருத்திவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். கழுத்தை வளைக்காமலே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வழியாக முழு வட்டம் தெரிந்தால் அந்தக் கட்டை (தோளில் ஊன்றும் பகுதி) உங்கள் அளவு. உயரம் குறைந்தவர்கள் காம்பாக்ட் மாடல் கேட்கலாம். இடதுகைக்காரர்களுக்கு சாவேஜில் நிறைய மாடல்கள் உண்டு.

போல்ட்டை நாலைந்து முறை இயக்குங்கள். பிரவுனிங் எக்ஸ்-போல்ட்டில் பிடியை 60 டிகிரி தூக்கினால் போதும். டிக்காவில் சுமார் 70, ரெமிங்டன் 700இல் 90. தூக்கும் கோணம் குறைந்தால் விரல் ஸ்கோப்பில் இடிக்காது. எடையிலும் ஏமாறாதீர்கள்: மூன்று கிலோவுக்குக் குறைவான துப்பாக்கி மலையேறும்போது சுகமாக இருக்கும், சுடும்போது தோளுக்குத் தெரியும்.

படி 4: பெயருக்குப் பின்னால் யார்?

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். வின்செஸ்டர் மாடல் 70 வந்தது 1936இல். 1964இல் செலவைக் குறைக்க வடிவமைப்பை மாற்றினார்கள். அதற்கு முந்தையவற்றுக்கு இன்றும் பழைய சந்தையில் தனி விலை. நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்பட்டது. அப்புறம் எஃப்என் நிறுவனம் அந்த மாடலைத் தென் கரோலினாவில் தயாரித்தது, பின்னர் போர்ச்சுகலில் பொருத்தும் வேலை நடந்தது. அதே பெயரில் வரும் தோட்டாவைச் செய்வதோ ஓலின் என்ற வேறு கம்பெனி. ஒரே பெயர், எத்தனை கை!

ரெமிங்டன் 2018இலும் 2020இலும் திவால் மனு போட்டது. இரண்டாம் முறை சொத்துகள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதன் கையிலிருந்த மார்லின் என்ற துப்பாக்கிப் பெயர் ரூகரிடம் போனது. ஆகவே "மார்லின் எப்படி?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது: எந்த வருடத்து மார்லின்?

இதனால் லாபமும் உண்டு. வெதர்பி வேன்கார்டின், தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயந்திரப் பகுதியான ஆக்‌ஷன் ஜப்பானின் ஹோவா ஆலையில் உருவாவது. ஹோவா 1500இலும் அதேதான். டிக்காவைச் செய்வது ஃபின்லாந்தில் ரீஹிமாக்கியிலுள்ள சாக்கோ. விலையுயர்ந்த சாக்கோ துப்பாக்கிகளும் அதே ஆலையில்தான். நடுத்தர விலையில் ஒன்று சொல்லச் சொன்னால் டிக்கா டி3எக்ஸ் என்பேன்.

படி 5: துல்லிய உத்தரவாதம்

கம்பெனிகள் உத்தரவாதம் தரும் 'ஒரு எம்ஓஏ' என்றால் 100 கஜத்தில் குண்டுகள் சுமார் ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று பொருள். மானின் நெஞ்சில் குறிவைக்கும் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குலம். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கூடுதல் பணம் வேண்டாம். டிரிக்கர் இழுவை இழுபடாமல், சட்டென்று விடுபடுகிறதா என்பதே முக்கியம். சாவேஜின் அக்யூடிரிக்கரில் இழுக்க வேண்டிய பலத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம்.

படி 6: மொத்தக் கணக்கு

ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் இரண்டும் குறைந்த விலை வரிசை. எக்ஸ்-போல்ட், மாடல் 70 மேல்தட்டு. ஸ்கோப், அதைப் பொருத்தும் வளையங்கள், பழகுவதற்கு நாலைந்து பெட்டி தோட்டா எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். விலை உயர்ந்த ரைஃபிளில் மட்டமான ஸ்கோப் மாட்டுவதைவிட, எளிய ரைஃபிளில் நல்ல ஸ்கோப் மேல்.

பழையது வாங்கினால் திரும்பப்பெறும் அறிவிப்பு உண்டா என்று சீரியல் எண்ணை வைத்துப் பாருங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை எக்ஸ்-மார்க் புரோ டிரிக்கருடன் வந்த ரெமிங்டன் 700, மாடல் செவன் துப்பாக்கிகள், டிரிக்கரை இழுக்காமலே வெடிக்கக்கூடும் என்று 2014இல் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் காலத்தது என்றால், பழுது சரிசெய்ததற்கு விற்பவரிடம் ஆதாரம் கேளுங்கள். இல்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.